ரேடியேஷன் நேரத்தில் வாய் முழுக்கப் புண்... சிகிச்சையைப் பாதியில் நிறுத்தலாமா? கொப்பளிப்பது முதல் வலி மருந்து வரை முழு விவரம்

வாய்ப் புற்றுநோய்க்கு ரேடியேஷன் எடுப்பவர்களில் பலர் மூன்றாவது, நான்காவது வாரத்தில் சொல்வது இதைத்தான்: "தண்ணி குடிச்சாலே எரியுது. இனிமே என்னால முடியாது."

ஆபரேஷனைத் தாங்கியவர்கள்கூட இந்த இடத்தில் தளர்ந்துபோகிறார்கள். "ஒரு பத்து நாள் வீட்ல இருந்துட்டு, புண்ணு ஆறினதும் மிச்ச கரண்ட் வச்சுக்கலாம்" என்று ஊருக்குக் கிளம்பிவிடுவதும் நடக்கிறது. அந்தப் பத்து நாள் இடைவெளி, அதுவரை எடுத்த சிகிச்சையின் பலனையே குறைத்துவிடலாம்.

இந்தியாவில் 2022-ல் மட்டும் சுமார் 1.4 லட்சம் பேருக்குப் புதிதாக உதடு, வாய்ப் புற்றுநோய் கண்டறியப்பட்டதாக உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீடு சொல்கிறது. இவர்களில் பலருக்கு ரேடியேஷன் தேவைப்படும். அப்போது வரும் வாய்ப்புண் ஏன் வருகிறது, எத்தனை நாள் இருக்கும், சிகிச்சையை நிறுத்தாமல் எப்படிச் சமாளிப்பது? விரிவாகப் பார்க்கலாம்.

வாய்ப்புண் ஏன் வருகிறது?

நம் வாயின் உள்பக்கத் தோல் மிக வேகமாகப் புதுப்பிக்கப்படும் தோல். பழைய செல்கள் உதிர்ந்து, சுமார் ஒன்று முதல் இரண்டு வாரத்துக்குள் புதிய செல்கள் அந்த இடத்துக்கு வந்துவிடும். ரேடியேஷன் கதிர்கள் வேகமாகப் பெருகும் செல்களைத்தான் அதிகம் தாக்கும். புற்றுநோய் செல்லும் அப்படிப் பெருகுவதுதான், வாயின் உள்தோல் செல்லும் அப்படித்தான். பழையது உதிர்கிறது, புதியது வர முடியவில்லை. தோல் மெலிந்து, சிவந்து, புண்ணாகிறது.

கூடவே உமிழ்நீர்ச் சுரப்பிகளும் பாதிக்கப்படும். எச்சில் குறைந்து, கோந்து மாதிரி கெட்டியாகும். வாயைக் கழுவி, ஈரமாக வைத்து, கிருமியைக் கட்டுப்படுத்துவது எச்சிலின் வேலை. அது குறையும்போது புண்ணின் வலி இன்னும் கூடுகிறது.

எனவே புண் வந்ததும் "நோய் முத்திப்போச்சு", "மருந்து ஒத்துக்கலை" என்று பயப்பட வேண்டாம். இது எதிர்பார்த்த பக்க விளைவு.

எந்த வாரத்தில் என்ன நடக்கும்?

ஆபரேஷனுக்குப் பிறகு கொடுக்கும் ரேடியேஷன் பொதுவாக ஒரு நாளைக்கு 2 கிரே வீதம், வாரத்துக்கு 5 நாள். மொத்தம் 30 முதல் 33 முறை, அதாவது 60 முதல் 66 கிரே. ஆறு, ஆறரை வாரம் ஆகும். ஆபரேஷன் இல்லாமல் ரேடியேஷனையே முக்கிய சிகிச்சையாகக் கொடுத்தால் 35 முறை, 70 கிரே, ஏழு வாரம் வரை போகும்.

* முதல் இரண்டு வாரம்: வாய் சிவக்கும், லேசாக எரியும், காரம் தாங்காது. ருசி மாற ஆரம்பிக்கும்.
* மூன்றாவது வாரம்: சின்னச் சின்னப் புண்கள், அதன்மேல் வெள்ளைப் படலம்.
* நான்காவது வாரம் முதல் கடைசி வரை: புண்கள் ஒன்றோடொன்று சேரும். விழுங்கவே கஷ்டமாகும். இதுதான் உச்சகட்டம்.
* சிகிச்சை முடிந்த பிறகு: முதல் ஒன்றிரண்டு வாரம் அதே வலி தொடரும். பிறகு மெல்லக் குறைந்து, பெரும்பாலானவர்களுக்கு நான்கு முதல் ஆறு வாரத்தில் ஆறிவிடும்.

ரேடியேஷனோடு சிஸ்பிளாட்டின் போன்ற கீமோ மருந்தும் போகிறது என்றால் புண் சீக்கிரமே வரலாம், கடுமையாகவும் இருக்கலாம்.

புண்ணின் அளவை டாக்டர்கள் 0 முதல் 4 வரை மதிப்பிடுவார்கள். சிவந்து எரிந்தால் 1. புண் இருந்தும் சோறு சாப்பிட முடிந்தால் 2. நீராகாரம் மட்டுமே இறங்கினால் 3. வாய் வழியாக எதுவுமே முடியாவிட்டால் 4. "வலிக்குது" என்று மட்டும் சொல்லாமல், "நேத்து வரைக்கும் இட்லி இறங்குச்சு, இன்னைக்கு பால் மட்டும்தான்" என்று சொன்னால் டாக்டருக்கு நிலைமை உடனே புரியும்.

பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும்?

ரேடியேஷன் ஆரம்பித்து சில வாரங்களில், தப்பிப் பிழைத்த புற்றுநோய் செல்கள் முன்பைவிட வேகமாகப் பெருகத் தொடங்கும். தினமும் கொடுக்கும் கதிர்வீச்சு அந்தப் பெருக்கத்தை அடக்கிக்கொண்டே போகிறது. இடைவெளி விட்டால் அந்த செல்களுக்கு அவகாசம் கிடைத்துவிடும்.

தலை, கழுத்துப் புற்றுநோயில் சிகிச்சை ஒரு நாள் நீண்டால், கட்டியைக் கட்டுப்படுத்தும் வாய்ப்பு சராசரியாக ஒரு சதவீதமோ அதற்குக் கொஞ்சம் கூடுதலாகவோ குறைகிறது என்பது பல ஆய்வுகளின் கணக்கு. ஒரு வாரம் தள்ளிப்போனால் இழப்பு எவ்வளவு என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

சனி, ஞாயிறு விடுமுறை சிகிச்சைத் திட்டத்திலேயே இருப்பது, அதில் பிரச்சனை இல்லை. காய்ச்சல், மெஷின் ரிப்பேர், வீட்டில் ஒரு துக்கம் என்று தவிர்க்க முடியாமல் ஒரு நாள் போய்விட்டால், உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். சனிக்கிழமை வரச் சொல்வார்கள், அல்லது குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் ஒரே நாளில் இரண்டு முறை கொடுத்து ஈடுகட்டுவார்கள். சொல்லாமல் நின்றுவிடுவதுதான் ஆபத்து.

வலி தாங்க முடியவில்லை என்றால் கேட்க வேண்டியது வலிக்கு மருந்து. லீவு கேட்காதீர்கள்.

சிகிச்சை தொடங்கும் முன்பே செய்ய வேண்டியது

* பல் டாக்டரைப் பாருங்கள். எடுக்க வேண்டிய சொத்தைப் பல்லை ரேடியேஷனுக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே எடுத்துவிட்டால் காயம் ஆற நேரம் கிடைக்கும். கூர்மையாக உடைந்த பல் இருந்தால் மழுங்கத் தேய்த்துவிடுவார்கள். புண் வந்த வாயில் அந்த முனைதான் குத்திக்கொண்டே இருக்கும்.
* பீடி, சிகரெட், புகையிலை, பாக்கு, ஹான்ஸ், குட்கா, மது எல்லாவற்றையும் நிறுத்துங்கள். சிகிச்சை நேரத்தில் தொடர்ந்தால் புண் கடுமையாகும், ரேடியேஷனின் பலனும் குறையும்.
* எடையைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பிறகு வாரம் ஒரு முறை அதே மெஷினில் பாருங்கள்.

கொப்பளிக்கும் தண்ணீர்: இதுதான் அடிப்படை மருந்து

கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர். அதில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா. கடையில் ஆப்பசோடா என்று கேட்டாலும் கிடைக்கும். பேக்கிங் பவுடரும் சலவை சோடாவும் வேறு பொருட்கள், மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, சாப்பிட்ட பிறகு, தூங்கப் போகும் முன் என்று கொப்பளிக்க வேண்டும். வேகமாகக் குலுக்க வேண்டாம். வாயில் அரை நிமிடம் மெதுவாகச் சுழற்றித் துப்பினால் போதும். விழுங்கக் கூடாது. மறுநாளைக்குப் புதிதாகக் கலக்குங்கள்.

இது புண்ணை ஒரே நாளில் ஆற்றிவிடாது. ஆனால் கோழையாக ஒட்டும் எச்சிலைக் கரைக்கும், உணவுத் துணுக்கைக் கழுவும், வாயின் புளிப்புத் தன்மையைக் குறைக்கும். செலவே இல்லாத இந்த ஒரு வேலையை முதல் நாளில் இருந்தே ஆரம்பித்துவிடுங்கள். புண் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

விளம்பரத்தில் வரும் சுருக்கென்று எரியும் மவுத்வாஷ்களில் பலவற்றில் ஆல்கஹால் இருக்கும். அது புண்ணைக் காயவைத்து இன்னும் எரிய வைக்கும். அதைத் தொடவே வேண்டாம்.

பல் தேய்க்கலாமா?

தேய்த்தே ஆக வேண்டும். அழுக்கு தேங்கினால் புண்ணில் கிருமி சேரும். குழந்தைகளுக்கான மிக மென்மையான பிரஷ் வாங்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் சில நிமிடம் ஊறவைத்துப் பயன்படுத்துங்கள். காரமான புதினா வாசம் இல்லாத ஃப்ளோரைடு பேஸ்ட் நல்லது. பல்பொடி, உப்பு, கரி, வேப்பங்குச்சி எல்லாம் கொஞ்ச நாளைக்கு ஓரம் கட்டுங்கள்.

பிரஷ் படவே முடியவில்லை என்றால் சுத்தமான ஈரத் துணியை விரலில் சுற்றி மெதுவாகத் துடைக்கலாம். பல்செட் போடுபவர்கள் சாப்பிடும்போது மட்டும் போட்டு, மற்ற நேரம் கழற்றிவையுங்கள். புண் அதிகமானால் போடவே வேண்டாம்.

டாக்டர் எழுதித்தரும் மருந்துகள் என்னென்ன?

* பென்சிடமைன் மவுத்வாஷ்: வீக்கத்தையும் வலியையும் குறைக்கும். பெரும்பாலும் புண் வருவதற்கு முன்பே தொடங்கச் சொல்வார்கள். எரிந்தால் தண்ணீர் கலந்துகொள்ளலாமா என்று கேளுங்கள்.
* மரக்கச் செய்யும் லிக்னோகெய்ன் ஜெல் அல்லது திரவம்: சாப்பிடும் முன் தடவுவது. வாய் மரத்திருக்கும்போது சூடு தெரியாது, கன்னத்தைக் கடித்தாலும் தெரியாது. ஆறிய உணவை மட்டும் மெதுவாகச் சாப்பிடுங்கள். புரை ஏறாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.
* பூஞ்சைக்கான மருந்து: நாக்கிலும் கன்னத்திலும் தயிர் அப்பியது போல வெள்ளைத் திட்டு வந்து, எரிச்சல் திடீரென அதிகமானால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். இதற்குத் தனி மருந்து உண்டு.
* குறைந்த சக்தி லேசர்: சில பெரிய மருத்துவமனைகளில் புண்ணைத் தடுக்கவும் வலியைக் குறைக்கவும் இது தரப்படுகிறது. உங்கள் மருத்துவமனையில் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம்.
* வலி மருந்து: பாராசிட்டமாலில் ஆரம்பித்து, தேவைப்பட்டால் டிரமடால், அதற்கும் அடங்காவிட்டால் மார்ஃபின் வரை போவார்கள்.

மார்ஃபின் என்றதும் "பழகிடும், கடைசி கட்டத்துக்குத் தர்ற மருந்தாச்சே" என்று பலர் வாங்கவே மறுக்கிறார்கள். சரியாகக் கண்காணித்துத் தரும்போது, குறைந்த காலத்துக்கு எடுத்து, புண் ஆறியதும் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடலாம். மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்து மருந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

வலி மருந்தை சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு எடுத்தால் சாப்பாடு இறங்கும். வலி உச்சிக்குப் போன பிறகு எடுப்பதைவிட, சொன்ன நேரத்துக்குச் சரியாக எடுப்பதே பலன் தரும். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடாதீர்கள். குறிப்பாக சிஸ்பிளாட்டின் போகிறவர்களுக்கு அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

கஞ்சி மட்டும் குடித்தால் போதுமா?

போதாது. வாய் புண்ணானதும் வீட்டில் முதலில் செய்வது அரிசிக் கஞ்சி. நீர்த்த கஞ்சியில் பெரும்பகுதி தண்ணீர்தான். புண் ஆறப் புரதம் வேண்டும், எடை குறையாமல் இருக்க கலோரி வேண்டும்.

எடை குறைவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ரேடியேஷனின்போது முகம் அசையாமல் இருக்க ஒரு மாஸ்க் போடுவார்கள். அது உங்கள் முக அளவுக்குச் செய்தது. முகம் ஒட்டிப்போனால் மாஸ்க் தளர்ந்துவிடும். கதிர் குறி தவறாமல் இருக்க மறுபடி ஸ்கேன், புது மாஸ்க், புதுத் திட்டம் என்று வேலை கூடும்.

60 கிலோ எடை உள்ளவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 1,800 கலோரியும் குறைந்தது 60 கிராம் புரதமும் தேவை. அதை நம்ம வீட்டுச் சாப்பாட்டிலேயே கொண்டுவரலாம்: பால் 1 லிட்டரில் 32 கிராம், 3 முட்டையில் 18 கிராம், 50 கிராம் பருப்பில் 11 கிராம் புரதம் இருக்கிறது. இதிலேயே 60 கிராம் வந்துவிட்டது. ஒரு நாளைக்கு இப்படிப் பிரிக்கலாம்:

* காலை 7 மணி: பால் ஒரு டம்ளர்
* 9 மணி: ஆறிய மெத்து இட்லி, பாலில் ஊறவைத்து மசித்தது
* 11 மணி: கேழ்வரகு அல்லது சத்துமாவுக் கூழ், பால் சேர்த்து
* மதியம் 1 மணி: குழைய வேகவைத்த பருப்பு சாதம், நெய், நன்றாக வெந்த முட்டை இரண்டு மசித்தது
* மாலை 4 மணி: வாழைப்பழம் அடித்த பால்
* இரவு 7 மணி: மிளகாய், மிளகு போடாத மெத்தென்ற முட்டைப் பொடிமாஸ், குழைந்த சாதம்
* 9.30 மணி: பால்

மூன்று வேளை வயிறு நிறையச் சாப்பிட முயற்சிக்காதீர்கள். ஆறேழு முறை கொஞ்சம் கொஞ்சமாக, ஆறவைத்து. கரகரப்பாக இருப்பதை மிக்ஸியில் அடித்துவிடுங்கள். முட்டை சாப்பிடாதவர்கள் பனீர், புளிக்காத தயிர், பாலில் கலந்த நைசான நிலக்கடலைப் பொடி என்று கூட்டிக்கொள்ளலாம். சர்க்கரை நோய், சிறுநீரகப் பிரச்சனை உள்ளவர்கள் மருத்துவமனை உணவு ஆலோசகரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

தவிர்க்க வேண்டியவை: மிளகாய், மிளகு, புளி, தக்காளி, எலுமிச்சை, ஆரஞ்சு, ஊறுகாய், முறுக்கு, அப்பளம், மொறுமொறு தோசை, சுடச்சுட காபி, சோடா, கூல்டிரிங்க்ஸ்.

ருசியே தெரியாமல் "மண்ணைத் தின்ற மாதிரி இருக்கு" என்பார்கள். அடம்பிடிக்கிறார் என்று வீட்டில் கோபப்படாதீர்கள், நாக்கின் சுவை மொட்டுகள் பாதிக்கப்பட்டிருக்கின்றன. சில மாதங்களில் ருசி மெல்லத் திரும்பும். அதுவரை சாப்பாட்டையும் ஒரு மருந்தாக நினைத்து நேரத்துக்கு எடுப்பதுதான் வழி.

மூக்கு டியூப் போட்டால் பயப்பட வேண்டுமா?

வேண்டாம். வாய் வழியாகப் போதிய அளவு போகவில்லை என்றால் மூக்கு வழியாக வயிற்றுக்கு மெல்லிய டியூப் போடுவார்கள். சிலருக்கு நேரடியாக வயிற்றில். "டியூப் போட்டாச்சுன்னா அவ்வளவுதான்" என்று நினைத்து மறுத்து, எடை குறைந்து, ட்ரிப்ஸ் ஏற்றி, கடைசியில் சிகிச்சையே நின்றுபோவது ஏற்க முடியாத இழப்பு. சிகிச்சையை முடிக்க உதவும் தற்காலிக ஏற்பாடு இது. புண் ஆறி, வாயால் சாப்பிட முடிந்ததும் எடுத்துவிடுவார்கள்.

டியூப் வழியாகக் கொடுக்கும்போது நோயாளியை நிமிர்த்தி உட்காரவைத்து, மெதுவாகக் கொடுங்கள். கொடுத்த பிறகும் அரை மணி நேரமாவது படுக்க விடாதீர்கள். டியூப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். டாக்டர் அனுமதித்தால் டியூப் இருக்கும்போதும் கொஞ்சம் தண்ணீரை வாயால் விழுங்கிக்கொண்டே இருங்கள். விழுங்கும் தசை பழக்கம் விட்டுப்போகக் கூடாது. அதேபோல வாய் திறக்கும் பயிற்சியையும் சொல்லிக்கொடுத்தபடி முடிந்தவரை செய்யுங்கள்.

நாட்டு வைத்தியம் பார்க்கலாமா?

வாய்ப்புண் என்றதும் நம் ஊரில் மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பால் விட்டுச் சமைத்துக் கொடுப்பார்கள். காரம் இல்லாமல், நன்றாக மசித்து உணவாகச் சாப்பிடலாம். ஆனால் ரேடியேஷன் புண்ணுக்கு அதுவே மருந்து என்று நினைத்து டாக்டர் கொடுத்ததை விடக் கூடாது.

தேனைப் பொறுத்தவரை, புண்ணைக் குறைக்க உதவலாம் என்று சில ஆய்வுகள் உள்ளன. ஆனால் சர்க்கரை நோயாளிகளுக்கு ஆகாது, எச்சில் குறைந்த வாயில் பல் சொத்தையும் வரலாம். கேட்டுவிட்டு எடுங்கள். படிகாரம், கிராம்பு எண்ணெய், கற்பூரம் எதையும் புண்ணில் வைக்க வேண்டாம். வலிக்குப் புகையிலை அடக்குவது கூடவே கூடாது.

எப்போது உடனே மருத்துவமனைக்குப் போகணும்?

* காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல். கீமோவும் போகிறவர்கள் ராத்திரி என்றாலும் காத்திருக்கக் கூடாது.
* ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட இறங்கவில்லை, சிறுநீர் குறைந்துவிட்டது, தலை சுற்றுகிறது.
* வாயிலிருந்து நிற்காமல் ரத்தம்.
* மூச்சு விடச் சிரமம், அல்லது குடிக்கும் ஒவ்வொரு முறையும் புரை ஏறுகிறது.
* ஒரே வாரத்தில் 2 கிலோ அல்லது அதற்கு மேல் எடை குறைவு.

தினமும் போய் வர வழி என்ன?

பலர் சிகிச்சையை விடுவதற்கு வலியோடு அலைச்சலும் செலவும் சேர்ந்துகொள்கின்றன. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் ரேடியேஷனும் வருகிறது. புற்றுநோயாளிக்கும் உடன் செல்பவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு, அதற்கான சான்றை மருத்துவமனையில் வாங்க வேண்டும். பக்கத்தில் தங்க இடம் இருக்கிறதா என்று மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் கேளுங்கள். பொதுவான சந்தேகங்களுக்குத் தமிழக அரசின் 104 உதவி எண்ணை அழைக்கலாம்.

சிகிச்சை முடிந்த பிறகு?

புண் ஆறும்வரை கொப்பளிப்பதையும் இதே உணவு முறையையும் விடாதீர்கள். வாய் வறட்சி மாதக்கணக்கில் இருக்கும், சிலருக்கு ஓரளவு நிரந்தரமாகவே இருக்கலாம். தண்ணீர் பாட்டில் எப்போதும் கையில் இருக்கட்டும். ஆறு வாரம் தாண்டியும் ஒரு புண் ஆறவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

பிற்காலத்தில், எத்தனை வருஷம் ஆனாலும், பல் பிடுங்கும் முன் "எனக்கு வாயில ரேடியேஷன் கொடுத்திருக்காங்க" என்று பல் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். கதிர் பட்ட தாடை எலும்பில் காயம் ஆறாமல் எலும்பே அரித்துப்போகும் ஆபத்து உண்டு.

உங்கள் வீட்டிலோ தெரிந்தவர்கள் வீட்டிலோ யாராவது இப்போது நான்காவது வாரத்தில் இருந்தால், அவர்களிடம் இதைச் சொல்லுங்கள்: வலியைக் குறைக்க வழி இருக்கிறது, புண் ஆறிவிடும். மீதி இருக்கும் நாட்களை எண்ணிக்கொண்டு, ஒரு நாளும் விடாமல் போய் வாருங்கள்.

(இது பொதுவான தகவல் மட்டுமே. மருந்து, அளவு, உணவு மாற்றம் எதுவாக இருந்தாலும் உங்களுக்குச் சிகிச்சை அளிக்கும் டாக்டரின் ஆலோசனையே இறுதியானது.)